சுண்ணாம்புக்குக் காசு

“இது உங்க ரூலா, கடை ரூலா அண்ணா?” என்று அந்தப் பையன் கேட்டான். “கடை ரூல் தம்பி” என்றேன். “பரவால்லண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

2023 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை இரவு நடந்தது இவ்வளவுதான். அவன் கோபப்பட்டுப் போயிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். பாரில் வேலை பார்ப்பவனுக்கு வாடிக்கையாளரின் கோபம் புதிதில்லை. ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கும்போது அதுவும் இறங்கிவிடும். அவன் என்மேல் இரக்கப்பட்டான். அந்த இரக்கத்தை நான் பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான்.

பெங்களூரு சர்ச் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாரின் கேஷ் கவுண்டருக்கு மேலே, போனுக்குச் சார்ஜ் போட 50 ரூபாய் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை தொங்குகிறது. முதலாளிக்கு அப்படியொரு யோசனை தோன்றியதே இல்லை. 2022இல் நானே போய்ப் பேசி, கணக்குக் காட்டி, அதை மாட்ட வைத்தேன். ஊரில் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக் காசு வாங்குவது போலத்தான் இதுவும் என்று அவரிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சனிக்கிழமை இரவு கவுண்டரில் இருபது போன்கள் கிடக்கும். ஐஸ் கரைந்து ஓடும் இடத்தில், கிளாஸ் கழுவும் தண்ணீர் தெறிக்கும் இடத்தில், யாருடைய போன் எது என்று தெரியாமல் பார்டெண்டர் ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி வைப்பார். கேபிள்கள் தொலைந்துகொண்டே இருந்தன. ஒருநாள் ஒரு போன் ஆள் மாறிப் போய்விட்டது. அதன் உரிமையாளருக்குக் கொடுத்த 18,000 ரூபாயில் பாதியை முதலாளி போட்டார். மீதிப் பாதி எங்கள் டிப்ஸ் பெட்டியிலிருந்து போனது. கிளாஸ் உடைந்தால் பிடிப்பதற்கு ‘பிரேக்கேஜ்’ என்று ஒரு பெயராவது உண்டு, இதற்குப் பெயரே கிடையாது. ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த ஸ்டீவர்ட் பையன் அந்த வாரம் ஊருக்குப் பணம் அனுப்பவில்லை. அவனும் சேர்ந்து அபராதம் கட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. எண் போட்ட டோக்கன், பூட்டு உள்ள மரப்பெட்டி, ஐம்பது ரூபாய் கட்டணம், வரும் பணம் ஊழியர்களின் பொதுப் பங்குக்கு என்ற ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது.

இதைச் சொல்லும்போது நான் செய்தது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எங்களிடம் வாடிக்கையாக வரும் வக்கீல் ஒருவர் ஒருநாள் அந்த டோக்கனைக் கையில் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயம் என் நியாயத்தின் அடியில் கைவைத்துவிட்டது. பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவனுக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறதாம். அதன் 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வானோ அவ்வளவு கவனமாக அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பொறுப்பு ஒன்றுதான் என்றார். அப்படியானால் போனைக் கையில் வாங்கிய அந்தக் கணமே அதைக் காப்பது எங்கள் கடமையாகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால், போன்கள் மாறிப் போவதை நிறுத்தியது டோக்கனும் பூட்டும்தான். அவற்றை இலவசமாகவே கொடுத்திருக்கலாம். ஐம்பது ரூபாய் செய்த வேலை வேறு: இருபது போன்கள் நான்கைந்தாகக் குறைந்தன. அதாவது, உண்மையில் தேவைப்பட்டவர்களும் காசு இருந்தவர்களும் மட்டும் மிஞ்சினார்கள். தேவைப்பட்டும் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மின்சாரச் செலவு என்று யாராவது சொன்னால் அது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய போன் ஒன்றின் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர் மணி அளவில் இருக்கிறது. அதை முழுவதுமாக நிரப்ப, வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 25 வாட் மணி செலவாகும். ஒரு யூனிட்டில் நாற்பது போன்களை நிரப்பலாம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் ஒரு போனுக்கு 25 காசு. அந்தப் பையன் கேட்ட பத்து நிமிடத்துக்கு மூன்று காசுகூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

பையன் என்கிறேன், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மூலை டேபிளில் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, யாருக்கோ காத்திருந்ததுபோல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பில் 640 ரூபாய். கவுண்டருக்கு வந்து போனைக் காட்டினான், இரண்டு சதவீதம். நான் சமையல்காரரிடம் தமிழில் பேசியதைக் கேட்டிருப்பான் போல, “அண்ணா, பத்து நிமிஷம் சார்ஜ் போடுங்க, பில்லையும் அந்த அம்பதையும் சேர்த்தே அனுப்பிடுறேன்” என்றான். சார்ஜ் காசு முன்னாலேயே கட்ட வேண்டும் என்றேன். அவன் பர்ஸைத் திறந்தான். உள்ளே கார்டுகளுக்குப் பின்னால் மடித்து வைத்த ஒரே ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தது. அதன் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. யார் கொடுத்து, எதற்காக வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. ஒரு நொடி தயங்கிவிட்டுக் கொடுத்தான் என்பது மட்டும் தெரியும்.

முன்பணம் என்று ஏன் கேட்டேன் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சார்ஜ் போட்டுக்கொண்டு காசு தராமல் நழுவியவர்கள் உண்டு, ஆகவே முன்பணம் என்று நான்தான் ஸ்டீவர்டுகளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அவனுடைய போன் எங்கள் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்போது அவன் எங்கே போய்விடப் போகிறான்? அந்தப் போனைவிடப் பெரிய ஈடு எது? இந்த எளிய கணக்கு அப்போது எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றவிடவில்லை. மற்றவர்களுக்கு ஒன்று, தமிழ் பேசுகிறவனுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. அந்த எண்ணம் சரியானது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான எண்ணத்தை வைத்துக்கொண்டே ஒருவனிடம் கடுமையாக நடந்துகொள்ள முடிகிறது என்பதையும் அன்றுதான் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது: உணவகங்கள் பில்லில் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது, வேறு எந்தப் பெயரிலும் அதை வாங்கக் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் அதே மாதம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் சட்டம் எங்கே நின்றது என்பதைப் பற்றி எங்கள் டேபிள்களில் யாரும் கவலைப்படவில்லை. செய்தியைப் படித்தவர்கள் பேனாவை வாங்கி, பில்லில் இருந்த சேவைக் கட்டணத்தை அடித்துவிட்டுக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்தப் பத்து சதவீதத்திலிருந்துதான் எங்கள் ஊழியர்களுக்குப் பங்கு வந்துகொண்டிருந்தது. மாதம் 4,000 வாங்கிய ஸ்டீவர்டுக்கு 1,500 ஆகிவிட்டது. நான் முதலாளியிடம் பலகையைப் பற்றிப் பேசப் போனது சரியாக அதற்கு அடுத்த மாதம். போன் தொலைந்த கதையைத்தான் அவரிடம் சொன்னேன். அது உண்மைக் கதை. ஆனால் அது நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

‘வேறு எந்தப் பெயரிலும்’ என்ற அந்தச் சொற்கள் என்னை உறுத்துகின்றன. கேட்பவருக்கு மட்டும் செய்யும் தனி வேலைக்குத் தனிக் கட்டணம், எழுதி மாட்டிய கட்டணம், ஆகவே இது அதில் சேராது என்று வாதாடலாம். வாதாடினால் நான் ஜெயிக்கவும்கூடும். கணக்காளர் மட்டும் ஆரம்பத்திலேயே முகம் சுளித்தார். மதுவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது, சாப்பாட்டுக்கு 5 சதவீதம், இதை எந்த வரியில் எழுதுவது என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல், பில் போடாமல், ரொக்கமாக வாங்கிப் பெட்டியில் போட்டோம். நேர்மையான கட்டணம் என்றால் அதைப் பில்லில் எழுத ஏன் தயங்கினோம் என்று அன்றைக்கே என்னை நான் கேட்டிருக்க வேண்டும்.

நான் வேலைக்கு வந்த 2012இல் போன் என்பது மேஜைமேல் கிடக்கும் ஒரு பொருள். அணைந்தால் அணைந்ததுதான்; பர்ஸில் பணம் இருக்கும், வாசலில் ஆட்டோ நிற்கும். 2016 நவம்பருக்குப் பிறகு பணம் மெல்ல மெல்லப் போனுக்குள் போனது. கொரோனாவுக்குப் பிறகு மெனு கார்டையே எடுத்துவிட்டு, மேஜையில் ஒரு க்யூஆர் கட்டத்தை ஒட்டினோம். பில்லுக்கும் யுபிஐதான் எங்களுக்கு வசதி; சில்லறை தேட வேண்டாம், கள்ள நோட்டுப் பயம் இல்லை. கடைசி மெட்ரோ போன பிறகு வண்டி கூப்பிடவும், டிரைவருக்கு ஓடிபி சொல்லவும் அதே போன்தான். ஆக, எங்கள் மெனுவைப் படிக்கவும் எங்கள் கல்லாவுக்குப் பணம் போடவும் அவன் தன் பேட்டரியைச் செலவழிக்கிறான். அது தீர்ந்த பிறகு மறுபடி நிரப்ப நாங்களே காசு கேட்கிறோம். அன்றிரவு அவன் சார்ஜ் கேட்டதே எங்கள் பில்லைக் கட்டத்தான்.

என் அப்பா கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தார். சுண்ணாம்பு டப்பா கடைக்கு முன்னால் பலகைமேல் திறந்தே இருக்கும். வெற்றிலை வாங்காதவரும் விரலால் வழித்துக்கொண்டு போவார். அப்பா அதைப் பார்க்கவே மாட்டார். சுண்ணாம்புக்குக் காசு கேட்பதை அவரால் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. ஆனால் சுண்ணாம்பு தொலைந்தால் அப்பாவின் கூலியில் யாரும் பிடிக்க மாட்டார்கள், அவரே முதலாளி. அவருடைய தாராளத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் இந்தக் கட்டணத்தைக் கண்டு அதிர்ச்சி அடைவதில்லை. 2003 முதல் அங்கே சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. கடையை ஒட்டிய பாரை டெண்டர் எடுப்பவருக்கு மது விற்கும் உரிமை இல்லை, தின்பண்டம் விற்கத்தான் உரிமை. அதனால் அங்கே தண்ணீருக்கும் டம்ளருக்கும் தனித்தனியாகக் காசு வாங்குகிறார்கள். அந்தச் சின்னச் சின்னப் பொருள்கள்தான் அவர் பிழைப்பு. நாங்கள் அப்படி இல்லை. பெக்கிலேயே லாபம் வைத்து விற்கிறோம், அதனால்தான் வேர்க்கடலையும் வெள்ளரித் துண்டும் காசில்லாமல் வருகின்றன. கடலையைக் கொசுறாகக் கொடுக்கிற கை, மூன்று காசு மின்சாரத்துக்கு ஐம்பது கேட்கிறது.

‘கடை ரூல்’ என்பது எங்கள் தொழிலில் தினமும் வாயில் வரும் சொல். ஒரு மணிக்குக் கடையை மூட வேண்டும் என்று சொல்லும்போது எனக்குக் கூச்சமே இல்லை, அது உண்மையிலேயே என் கையில் இல்லாத விதி. அந்தப் பழக்கத்தில்தான் அன்றும் சொன்னேன் என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வியில் இரண்டு வழி இருந்தது. “என் ரூல்தான் தம்பி, எங்க பசங்களுக்காக வச்சேன்” என்று சொல்லியிருந்தால் அவன் என்னோடு சண்டை போட்டிருக்கலாம், ஒத்துக்கொண்டும் இருக்கலாம். எது நடந்திருந்தாலும், அவன் பேசியது என்னோடு பேசியதாக இருந்திருக்கும்.

போன மாதம் கடையைத் திறப்பதற்கு முன், எல்லா ஸ்டீவர்டுகளும் நின்றுகொண்டிருக்கும்போது, முதலாளி அந்தப் பலகையைக் காட்டிக் கேட்டார். பக்கத்துக் கடையில் ஒவ்வொரு டேபிளுக்கும் கீழே ப்ளக் பாயிண்ட் வைத்துவிட்டார்களாம், நாமும் இதை எடுத்துவிடலாமா, உன் ரூல்தானே, நீயே சொல் என்றார். ஒடிசாப் பையன், இப்போது அவன் மூத்த ஸ்டீவர்ட், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரப் பங்கில் அந்தப் பெட்டியிலிருந்து தலைக்கு எவ்வளவு வரும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

இனி முன்பணம் வேண்டாம், பில்லோடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றேன். பலகை இப்போதைக்கு இருக்கட்டும் என்றும் சொன்னேன்.