கீட்ஸின் கலசம்: மரணம் நான்காம் பத்தியில் இருக்கிறது

ஜான் கீட்ஸ் 1819-இல் எழுதிய கிரேக்கக் கலசக் கவிதைக்கு விளக்கம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘அழகே உண்மை, உண்மையே அழகு’ என்ற கடைசி வரிகளைப் பிடித்துக்கொண்டு, ‘கலை அழியாது, மனிதன் அழிவான்’ என்று முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் சங்கதி என்றால் மிச்சம் நாற்பத்தெட்டு வரிகள் எதற்கு?

கலசத்தின் மேல் ‘நித்தியம்’ என்று சீட்டு ஒட்டாமல், அதில் செதுக்கிய ஒவ்வொரு உருவத்துக்கும் கிடைத்தது என்ன, பறிபோனது என்ன என்று குறித்துக்கொண்டே படியுங்கள். இரண்டாம் பத்தியில் காதலி வாடமாட்டாள். ஆனால் காதலன் அவளை முத்தமிடவே முடியாது. குழலூதும் இளைஞனின் பாட்டு ஓயாது. அவனால் அதை நிறுத்தவும் முடியாது. வரமும் தடையும் அதே ‘முடியாது’வில்தான் வருகின்றன.

மூன்றாம் பத்தியின் பத்து வரிக்குள் ‘மகிழ்ச்சி’ ஆறு முறை, ‘என்றென்றும்’ ஐந்து முறை. கவிஞர் கை தவறிவிட்டார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு அடுக்கிவிட்டு அந்தப் பத்தியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் பாருங்கள்: கொதிக்கும் நெற்றி, வறண்ட நாக்கு. மனிதக் காதல் விட்டுச்செல்லும் தவிப்பு, காய்ச்சலின் அறிகுறிகளாகவே வருகிறது. கீட்ஸ் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றவர். தம்பி டாம் காசநோயால் இறந்தது 1818 டிசம்பர் 1. இந்தப் பின்னணி உதவும். ஆனால் கவிஞர் தன் சாவையே இங்கே பாடுகிறார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் ரத்தம் கக்கியது 1820 பிப்ரவரியில், கவிதைக்குப் பிறகு.

நான்காம் பத்திக்கு நிறைய நேரம் கொடுங்கள். பூசாரி, மாலை சூட்டிய பலிப்பசு, பின்னால் வரும் கூட்டம். அடுத்து ஒரு சிற்றூர். அது ஆற்றங்கரையா, கடற்கரையா, மலையூரா என்று கவிஞருக்கே தெரியவில்லை. காரணம், அந்த ஊர் கலசத்தில் இல்லை. ஊர்வலத்தைப் பார்த்து, இவர்கள் எங்கிருந்தோ கிளம்பியிருக்க வேண்டுமே என்று அவர் ஊகித்த ஊர் அது. பசு பலிபீடத்தை அடையப்போவதில்லை, ஆகவே சாகாது. கூட்டமும் வீடு திரும்பாது. தெரு காலியாகவே கிடக்கும்; ஏன் காலி என்று சொல்லவும் ஒருவர் மிச்சமில்லை. சிலரைக் கல்லில் நிலைக்கவைத்ததற்கு ஓர் ஊரே கொடுத்த விலை இது. பழங்காலத்தில் இத்தகைய கலங்களில் இறந்தவர் சாம்பலையும் வைத்தார்கள். கவிதை சாம்பல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இந்த ஊர் போதும்.

ஐந்தாம் பத்தியில் கலசத்தையே ‘குளிர்ந்த’ என்று அழைக்கிறார். மூன்றாம் பத்தியில் அதன் காதல் ‘என்றென்றும் வெதுவெதுப்பானது’. நடுவில் அந்த ஊரைப் பார்த்துவிட்ட பிறகு வரும் மாற்றம் இது.

அந்தக் கடைசி வரிகளில் ஒரு பதிப்புச் சிக்கலும் உண்டு. 1820-இல் வந்த புத்தகத்தில் ‘அழகே உண்மை’ வாசகம் மேற்கோள் குறிக்குள் நிற்கிறது. அதே ஆண்டு இதழில் அச்சானபோது குறி இல்லை. அதனால் ‘உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்’ என்று தொடரும் மீதி வாக்கியம் கலசத்தின் பேச்சா கவிஞரின் பேச்சா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. கலசம் பேசுவதாகவே நான் படிக்கிறேன். மூப்பும் காய்ச்சலும் இல்லாத ஒரு பொருள், நமக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான் என்று சொல்கிறது. நெற்றி கொதிக்கிறவர்களுக்கு அது போதும் என்று கவிதை எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை.