மறுக்கத் தெரிந்த நாய்

மாயா எங்கள் வீட்டுக்கு வந்தபோது எட்டு வாரக் குட்டி. கறுப்பு லாப்ரடார். ஒரு வயதைத் தாண்டியதும், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் மையத்துக்குத் திரும்பிவிடுவாள். அதுவரை வளர்த்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. இதற்குச் சம்பளம் கிடையாது, நாங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

வழி காட்ட நாங்கள்தான் சொல்லித் தருகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். தடையைச் சுற்றிப் போவது, நடைபாதை முடியும் இடத்தில் நிற்பது, நாய்க்கு இடிக்காவிட்டாலும் மனிதர் தலையில் இடிக்கும் கிளையைக் கவனிப்பது, இதையெல்லாம் மையத்தின் பயிற்சியாளர்கள் பிற்பாடு சில மாதங்களில் பழக்குவார்கள். அவர்கள் கையில் சேரும்போது நாய் எதற்கும் மிரளாததாக, மனிதர்களை நம்புவதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

இந்த நம்பிக்கை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது, சாலையைக் கடப்பதைப் பற்றிக் கேட்டறிந்த பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் கடப்பதில்லை. வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, இப்போது போகலாம் என்று தீர்மானிப்பவர் பார்வையற்றவர்தான். 'முன்னே போ' என்று கட்டளை கொடுப்பதும் அவர்தான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு கார் திரும்பி வந்தால் நாய் நகரக் கூடாது. சொன்னதைக் கேட்காமல் நிற்க வேண்டும். 1928-ல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டை நம்பி, நியூயார்க்கில் வண்டிகள் நெருக்கியடிக்கும் ஒரு சாலையைப் பத்திரிகையாளர்கள் பார்க்கக் கடந்து காட்டினார். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியில் 1916-லேயே இப்படி நாய்களைப் பழக்கத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்கா அதை நம்பத் தொடங்கியது பட்டிக்குப் பிறகுதான்.

அடித்து, அதட்டி வளர்த்த நாய் அந்த இடத்தில் நிற்குமா? எசமானுக்குப் பயந்து காலை எடுத்து வைத்துவிடாதா? அதனால் எங்கள் வீட்டில் மாயாவிடம் யாரும் கத்துவதில்லை. செருப்பைக் கவ்வினால் பதிலுக்கு ஒரு பொம்மையைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறோம். சரியாகச் செய்த நொடியிலேயே பாராட்டு, கூடவே அவளுடைய தீனியிலிருந்து ஓர் உருண்டை. கண்டிப்பு இல்லாமல் இல்லை. கண்டிப்பை அன்றாடப் பழக்கத்தில் வைத்திருக்கிறோம்.

தினமும் ராத்திரி அவளைத் தரையில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பேன். காதுக்குள், விரல்களுக்கு இடையில், ஈறில், வாலடியில். ஆரம்பத்தில் காலைத் தொட்டாலே உதறுவாள், இப்போது அவளே புரண்டு வயிற்றைக் காட்டுகிறாள். நாளை அவளோடு வாழப்போகிறவர் ஒரு முள்ளையோ உண்ணியையோ வீக்கத்தையோ விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முகம் தெரியாத ஒருவரின் கைக்கு அவளைப் பழக்குகிறேன்.

சிறுநீர், மலம் கழிக்கவும் ஒரு சொல் உண்டு. அவள் போகும்போதெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி, இப்போது சொன்னாலே போகிறாள். எங்கே, எப்போது என்று தெரிந்தால்தானே பார்வையற்ற ஒருவர் சுத்தம் செய்ய முடியும்?

சாப்பாட்டு மேசைதான் அம்மாவுக்குச் சோதனையாக இருந்தது. "பாவம், அடியில படுத்துக்கிட்டுப் பாக்குது. ஒரு வாய் குடுத்தா என்னடி?"

"அம்மா, நாளைக்குக் கீழே கிடக்கிற ஒரு துண்டுக்காக இவ இழுத்தா, வாரைப் பிடிச்சிருக்கிறவர் விழுந்துடுவார்."

அதற்கப்புறம் அம்மாவே விருந்தாளிகளைத் தடுக்க ஆரம்பித்துவிட்டார். வெளியில் தடுப்பதுதான் கஷ்டம். ரயிலில், லிஃப்டில், யாராவது கேட்காமலே கை நீட்டிக் கொஞ்சுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழகும் குட்டிக்கு அது கவனச்சிதறல், வேலையில் இருக்கும் நாய்க்கோ ஆபத்து. உதவ நினைத்தால் நாயோடு வருபவரிடம் பேசுங்கள். நாயின் வாரை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள்.

எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. இடுப்பெலும்பில் கோளாறு இருக்கலாம், பூனையைக் கண்டால் மனசு ஓடலாம், சிலவற்றுக்கு இந்த வேலையே பிடிக்காமல் போகலாம். அப்படிப்பட்டவை வேறு உதவிப் பணிக்கோ வீட்டு நாயாகவோ போகும். வளர்த்தவர்களிடம் முதலில் கேட்கும் மையங்கள் நிறைய. மாயா அப்படி எங்களிடமே திரும்பி வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. பிரிவு வலிக்கும், அழவும் செய்வேன். ஆனாலும் அவள் வேலைக்குப் போக வேண்டும்.

உங்களுக்கும் வளர்க்க ஆசை இருந்தால், நாளெல்லாம் குட்டியைத் தனியாக விடாமல் இருக்க முடியுமா என்பதை முதலில் யோசியுங்கள். மருத்துவச் செலவும் தீனிச் செலவும் யாருடையது, நீங்கள் ஊருக்குப் போனால் குட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள், பயிற்சி வகுப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் சம்மதித்த பிறகே விண்ணப்பியுங்கள். ஒருவர் மட்டும் விதியை மீறினாலும் குட்டி குழம்பிவிடும்.