சளி ஆறட்டும் என்று தள்ளிப்போட்ட ஊசி

லேசான சளி இருக்கிறதே, ஆறட்டும் என்று மகளின் தட்டம்மை ஊசியை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். சாதாரணச் சளிக்காகத் தள்ளத் தேவையில்லை என்பது அப்போது தெரியாது. ஒன்றேகால் வயதில் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். கன்னத்தின் உள்பக்கம் உப்புக்கல் போல வெள்ளைப் புள்ளிகள். அப்புறம்தான் காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புத் தடிப்பு இறங்கியது.

அம்மா கொடுத்த எதிர்ப்புச் சக்தி முதல் வயதுக்குள் கரைந்துவிடுகிறது. நோயாளி போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவும். யாரை விலக்கி வைப்பது, சொல்லுங்கள்? எடை குறைந்த, வைட்டமின் ஏ போதாத குழந்தைகளுக்கு நிமோனியா வரை போகலாம். மகள் தேறிவிட்டாள். தம்பியின் ஊசித் தேதியை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.