பிசாசும் வாத்தியாரும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கிளார்க்ஸ்டேலுக்கு வருகிறவர்கள் முதலில் தேடிப் போவது ஒரு நாற்சந்தியை. பழைய 61-ஆம் நெடுஞ்சாலையும் 49-ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம். கம்பத்தின் உச்சியில் மூன்று நீல நிற கிதார்கள், கீழே படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம். புளூஸ் என்ற கறுப்பர் இசையைப் பாடிய ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் இங்கே பிசாசிடம் ஆன்மாவை விற்று கிதார் வித்தையை வாங்கிக்கொண்டார் என்பது கதை. இதே கதையைச் சொந்தம் கொண்டாடும் நாற்சந்திகள் மிசிசிப்பியில் வேறும் உண்டு. போதாக்குறைக்கு, டாமி ஜான்சன் என்ற இன்னொரு பாடகரைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்ன கதைதான் பிற்பாடு ராபர்ட்டின் தலையில் வந்து ஒட்டிக்கொண்டது என்பாரும் உண்டு. நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வந்த வேலை வேறு.

உள்ளே உலோகக் கூம்பு வைத்த ரெசனேட்டர் கிதாரில் ஸ்லைடு, அதாவது விரலில் மாட்டிய குழாயைத் தந்திமேல் நகர்த்தி, வாசிக்கக் கற்றுக்கொள்வதுதான் அந்த வேலை. மெம்பிஸிலிருந்து வாடகைக் காரில் தெற்கே ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் பருத்தியும் சோயாவும். மேடு என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை. இந்தப் பகுதியை டெல்டா என்கிறார்களே தவிர, கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே வண்டல் படிந்த சமவெளி இது. தோட்டக் கூலிகள் வாழ்ந்த குடிசைகளைக் குளிர்சாதன வசதியோடு சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். எனக்கு அதில் படுக்க மனம் வரவில்லை. ஊருக்குள் சாதாரண விடுதி ஒன்றில் தங்கினேன்.

ஆசிரியருக்கு எழுபதைத் தாண்டிய வயது. இணையத்தில் பெயர் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை இரவுகளில் மது விடுதியிலும் ஞாயிறு காலையில் தேவாலயத்திலும் வாசிக்கிறவர். இரண்டு இடத்துக்கும் ஒரே கிதார்தான். நான் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டேன். அமெரிக்காவின் தெற்கே பெரியவர்களிடம் அப்படிப் பேசுவதுதான் மரியாதை என்பதால், நம் ஊர் நாக்குக்குப் புதிதாக ஒன்றும் பழக வேண்டியிருக்கவில்லை.

அவருடைய கிதார் 1930-களில் நேஷனல் நிறுவனம் செய்தது. பித்தளை உடம்பு, மேலே நிக்கல் முலாம், முலாமில் பொறித்த தென்னை மரங்கள். வலது முழங்கை படும் இடத்தில் முலாம் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே காட்டினார். சுமார் ஒன்பதரை அங்குல விட்டத்தில் மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு வட்ட மரத்துண்டு. ‘பிஸ்கட்’ என்பார்கள். தந்திகளின் அழுத்தம் முழுவதும் அதன் மேல் இறங்குகிறது. தந்தி அதிரும்போது கூம்பும் அதிர்கிறது. மின்சாரமே இல்லாத ஒலிபெருக்கி.

அதற்குத் தேவை இருந்தது. 1920-களில் நாட்டிய இசைக்குழுக்களில் பித்தளை ஊதுகருவிகளுக்கு நடுவே கிதார் யார் காதிலும் விழவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஹவாய் பாணி கிதார் வாசித்துவந்த ஜார்ஜ் பீச்சம் இந்தக் குறையோடு ஜான் டோபியரா என்ற கருவி செய்பவரிடம் போனார். டோபியரா ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். மூன்று கூம்புகள் வைத்த முதல் நேஷனல் கிதார் 1927-இல் விற்பனைக்கு வந்தது. ஒற்றைக் கூம்பு வைத்த மலிவு வகைகள் பின்னால் வந்தன. அவைதான் டெல்டாவின் வீட்டு விருந்துகளுக்கும் தெருமுனைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டு ஆடும் அறையில் இந்தக் கிதார் கேட்கும். சில ஆண்டுகளிலேயே அதே பீச்சம் மின்சார கிதாரை உருவாக்குவதிலும் கைகொடுத்து, தன் பழைய கருவிக்குத் தானே போட்டியைக் கொண்டுவந்தார்.

இத்தனையும் காட்டிவிட்டு ஆசிரியர் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். முதல் பாடம் திண்ணைச் சுவரில். துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து, இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, முனையில் ஒரு கண்ணாடிப் புட்டியைச் செருகியிருந்தார். ‘டிட்லி போ’ என்று பெயர். டெல்டாவின் பல பெரிய கலைஞர்களுக்குச் சின்ன வயதில் கிடைத்த கிதார் இதுதான். சுரத்துக்குச் சுரம் குறுக்கே பதிக்கும் மெட்டும் கிடையாது, குறியும் கிடையாது. அவர் ஒரு வரி பாடுவார். பாதியில் நிறுத்துவார். மீதியைக் கம்பியில் நான் சொல்ல வேண்டும். சுரம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினால், “அங்கே ஒன்றும் எழுதியில்லை” என்பார்.

கிதார் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்கியது. விரலால் வாசிக்கும்போது மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். ஸ்லைடில் நேர் மேலே நிற்க வேண்டும். அதுவும் அழுத்தாமல். சுண்டு விரலில் மாட்டிய குழாய் தந்தியின் மேல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அசைவு கொடுக்கும்போது சுரத்துக்குக் கீழே போய்ச் சுரத்துக்கே திரும்ப வேண்டும். மேலே தாண்டினால் உடனே முகத்தைச் சுளிப்பார்.

ஆனால் அவர் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி, தந்திகளின் வாயை அடைப்பது. ஸ்லைடுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்திகளை லேசாகத் தொட்டபடி கூடவே நகர வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குப் பின்னாலுள்ள பகுதியும் சேர்ந்து முனகும். வலது கையிலும் அப்படியே. மீட்டாத தந்திகளின் மேல் விரல்கள் படுத்திருக்க வேண்டும். ஒரு தந்தியை மீட்டு, நிறுத்து. அந்த நேரத்தில் வேறெதுவும் ஒலிக்கக் கூடாது. ஒரு காலைப்பொழுது முழுக்க இதுதான் நடந்தது. அவர் அந்த நேரத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கண் பட்டாணியில், காது என் விரலில்.

அவர் கிதாரை வைக்கும் சுருதி நமக்கு அந்நியமானதல்ல. தடித்த தந்தியிலிருந்து ச, ப, ச, க, ப, ச. அந்த ‘க’ அந்தர காந்தாரம். பாட்டில் வரும் காந்தாரமோ சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வரிக்கு வரி கொஞ்சம் இடம் மாறவும் செய்கிறது. பியானோவில் அதற்குக் கட்டை இல்லை. கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கேயும் மெட்டு இல்லாமல், உருளைக் கட்டையைத் தந்திமேல் நகர்த்தித்தானே கமகம் வருகிறது. ஆசிரியருக்குப் போனில் கோட்டுவாத்தியம் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இவருடைய வாத்தியார் யார்?” என்று கேட்டார்.

யாரைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு அந்தக் கேள்விதான். நாற்சந்திக் கதையை எடுத்தால் எரிச்சல் வரும். ராபர்ட் ஜான்சனுக்கு ஐக் சிம்மர்மேன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். தெற்கே, ஜான்சன் பிறந்த ஹேசல்ஹர்ஸ்டுக்குப் பக்கத்தில். இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்வார்களாம். யாருக்கும் தொந்தரவு இருக்காது என்பதுதான் காரணம். சிம்மர்மேனின் மகள் ஆய்வாளர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். “ராத்திரியெல்லாம் உழைத்தவன் ஒருத்தன், சொல்லிக்கொடுத்தவன் ஒருத்தன், பேர் மட்டும் பிசாசுக்கு” என்றார் ஆசிரியர். கறுப்பர் ஒருவருக்குத் திறமை இருந்தால் அதற்கு மாயமந்திரம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதை வசதி என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சன் ஹவுஸ் கதையையும் அவர்தான் சொன்னார். புகழ்பெற்ற புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸுக்கு முன்மாதிரியாக இருந்தவர், நேஷனல் கிதாரில் ஸ்லைடு வாசித்த மேதை. 1964-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது வாசிப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய இசைத்தட்டுகளைக் கேட்டே அவர் பாணியைக் கற்றிருந்த ஆலன் வில்சன் என்ற இளைஞர் எதிரே உட்கார்ந்து, அவருடைய பாட்டுகளை அவருக்கே வாசித்துக்காட்டி நினைவுபடுத்தினார்.

டெல்டா புளூஸ் அருங்காட்சியகம் பழைய சரக்கு ரயில் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. ஸ்டோவல் தோட்டத்தில் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக்குடிலைக் கழற்றிக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்கு அங்கே நடக்கும் இசை வகுப்பு. 2022-இல் கிராமி விருது வாங்கிய கிறிஸ்டோன் இங்க்ரம் இந்த வகுப்பில் படித்தவர். நாற்சந்தியிலிருந்து காரில் சில நிமிடம்தான். கம்பத்தடியில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேர் இங்கே எட்டிப் பார்க்கிறார்களோ.

போக நினைப்பவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயிலும் புழுக்கமும் கொசுவும் தாங்காது. கார் இல்லாமல் காரியம் ஆகாது. ஸ்லைடை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அதுவும் உங்கள் விரலைப் பார்த்து ஆசிரியர் சொன்ன பிறகு.

வீடு திரும்பியதும் வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: “நான்காவது தந்தி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.”