ஈத்தர்நெட் ஃபை சிப்புக்குள்ளா, வெளியிலா?

சிறிய கணினிப் போர்டுகளில் பயன்படும் ஆல்வின்னர் எச்3 சிப்புக்குள், தரவுப் பொட்டலங்களைக் கையாளும் ஈத்தர்நெட் மேக்குடன், அவற்றைக் கேபிளில் செல்லும் மின்சைகைகளாக மாற்றும் ஒரு ஃபையும் இருக்கிறது; இந்த ஃபை 10/100 மெகாபிட் வேகத்தில் மட்டும் இயங்கும். ஆரஞ்ச் பை ஒன் போன்ற சிறிய போர்டுகளுக்கு அந்த உள் ஃபையே போதுமானது. ஆரஞ்ச் பை பிளஸ் போர்டிலோ ரியல்டெக்கின் கிகாபிட் ஃபை தனிச் சிப்பாக வெளியே இருந்து, ஆர்ஜிஎம்ஐஐ என்ற இணைப்பு முறை வழியாக அதே மேக்குடன் இணைகிறது. லினக்ஸ் கெர்னலில் இரண்டு வகைக்கும் டிரைவர் ஒன்றுதான் என்பதால், தான் எந்தப் போர்டில் ஓடுகிறோம் என்பதை அது எப்படியாவது அறிந்தாக வேண்டும்.

ஃபையின் ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் எம்டிஐஓ பஸ்ஸில் தேடிப் பார்த்தால் ஆயிற்றே என்று முதலில் தோன்றும். அந்தப் பஸ்ஸில் 32 முகவரிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 2, 3 ஆகிய ரெஜிஸ்டர்களைப் படித்தால் ஃபையின் அடையாள எண் கிடைக்கும். ஆனால் அந்த எண் தயாரிப்பாளரையும் மாடலையும் காட்டுமே தவிர, ஃபை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. எச்3இல் இதற்கும் மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளுக்கு ஒன்றும் வெளிக்கு ஒன்றுமாக எம்டிஐஓ பஸ்கள் இரண்டு இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். சிஸ்டம் கண்ட்ரோலரில் மேக்குக்கான ரெஜிஸ்டரின் 15ஆம் பிட் 1 என்றால் உள் ஃபை, 0 என்றால் வெளி ஃபை. ஆகவே தேடத் தொடங்கும் முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும்.

டிரைவரின் தொடக்க வடிவம், டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பில்) இணைப்பு முறை எம்ஐஐ (10/100 வேகத்துக்கான முறை) என்று இருந்தால் உள் ஃபை என்று எடுத்துக்கொண்டது. வெளி ஃபையையும் எம்ஐஐ வழியாக இணைக்கலாம் என்பதால் இந்த ஊகம் நிற்கவில்லை. கெர்னலின் 4.13 பதிப்புக்கென எழுதிய டிவைஸ் ட்ரீ விவரணை திரும்பப் பெறப்பட்டு, 2018 ஜனவரியில் வெளியான 4.15இல் எம்டிஐஓ மக்ஸாக, அதாவது இரண்டு பஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பாக வந்தது: உள் பஸ்ஸுக்கு ஒரு கிளை, வெளி பஸ்ஸுக்கு ஒரு கிளை, ஃபை எந்தக் கிளையின் கீழ் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் பிட் திருப்பப்படும். போர்டை வரைந்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை டிரைவர் ஊகிக்காமல், அவரே எழுதித்தருமாறு கேட்பதுதான் முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை நான் உணர்ந்தது வெளி கிகாபிட் ஃபை கொண்ட ஒரு போர்டுக்கு டிவைஸ் ட்ரீ எழுதியபோது. வேறொரு போர்டின் ஈத்தர்நெட் பகுதியை, உள் ஃபையைச் சுட்டும் வரியோடு அப்படியே எடுத்திருந்தேன். பிழை எதுவும் வராமல் இன்டர்ஃபேஸ் எழுந்தது. ஆனால் கேபிளைச் செருகினால் ஜாக்கின் விளக்கு எரியவில்லை. இன்டர்ஃபேஸின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன், ஃபையைக் குறிக்கும் டிரான்ஸீவர் வரியில் ‘வெளி’ என்று இருந்தது. அதை நம்பிக் கேபிளையும் மின்சாரத்தையும் சோதித்ததில் ஒரு மாலைப்பொழுது போயிற்று. அந்தச் சொல்லின் மூலத்தைக் கெர்னல் நிரலில் தேடியபோதுதான் விளங்கியது: ஃபை டிரைவரில் ‘உள்’ என்ற கொடி இருந்தால் மட்டுமே ஈத்டூல் உள் என்று காட்டும், பொது ஃபை டிரைவரிலோ அந்தக் கொடி கிடையாது. அதனால் சிப்புக்குள் இருக்கும் ஃபையும் அங்கே ‘வெளி’ ஆகிவிடுகிறது.

உண்மை அதே திரையில், சில வரிகள் மேலே இருந்தது. ஆதரிக்கும் வேகங்களில் 10, 100 மட்டுமே இருந்தன, 1000 இல்லை. பூட் பதிவிலும் மக்ஸ் உள் ஃபையின் பக்கம் திரும்பியதாக ஒரு வரி இருந்தது. டிவைஸ் ட்ரீயில் ஃபையை வெளிக் கிளைக்கு மாற்றி, இணைப்பு முறையை ஆர்ஜிஎம்ஐஐ என்று திருத்தி மறுபடி பூட் செய்தபோது விளக்கு எரிந்தது, பட்டியலில் 1000 வந்தது. டிரான்ஸீவர் வரியில் மட்டும் முன்பிருந்த அதே ‘வெளி’ மாறாமல் இருந்தது.