அஞ்சு கொத்துக்கு ஒரு வால்

ஆடிப்பட்டத்து ராகிக்கு உழவு தொடங்கினால் போதும், பென்னாகரம் பக்கம் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் முளைப்பார். "உழவு ஒரு தரம், கட்டி உடைச்சு மண்ணைச் சமன்படுத்துற பரம்பு ஒரு தரம், ரெண்டு டீசல் எதுக்கு? மினி டிராக்டரோட அஞ்சு கொத்துக் கலப்பைக்குப் பின்னாடியே பரம்பைக் கட்டிட்டா?" யோசனை நல்லதுதான். அதைக் கெடுப்பது வீட்டில் இருக்கும் வெல்டிங் மெஷின்.

மெஷின் இருக்கிறதே என்று, பரம்புக்கு வாங்கிய 'ப' வடிவ இரும்புச் சேனலைக் கலப்பை ஃபிரேமோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். வயலில் இறக்கினால் சேனல் மண்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கலப்பையின் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்வதால் மண்ணைக் கீறும் கொழு ஆழம் போகாது, கோலம்தான் போடும். பரம்பு சங்கிலியில்தான் வரணும்.

75-க்கு 40 மில்லிமீட்டர் சேனல் நாலடி போதும், எட்டு ஒன்பது கிலோ இருக்கும். முதுகு முன்பக்கம் பார்க்கணும். வாய் முன்னால் இருந்தால் மண்ணை அள்ளிக்கொண்டு வரும், பத்தடியில் டிராக்டர் முக்கும். இரு ஓரத்திலிருந்தும் ஆறு அங்குலம் விட்டு 12 மில்லி ஓட்டை, அதில் சங்கிலி மாட்ட டி ஷாக்கிள் கொக்கி, 8 மில்லி சங்கிலி. சங்கிலியைப் பற்றவைக்க வேண்டாம், சூடுபட்ட கண்ணிதான் முதலில் அறும். இரு பக்கமும் கண்ணிகளை எண்ணிக் கட்டுங்கள். ஒரு கண்ணி கூடினாலும் பரம்பு கோணலாக வந்து, மண்ணையெல்லாம் பங்காளி வரப்போரம் தள்ளிவிட்டு வரும். அந்தப் பஞ்சாயத்து தனி.

கொழுவுக்கும் பரம்புக்கும் இரண்டடி இடைவெளி வேணும். குறைந்தால் கோரையும் கட்டியும் நடுவில் அடைத்து, கலப்பை காக்கைக்கூடு ஆகிவிடும்.

எல்லாரும் மறப்பது தூக்குச் சங்கிலி. கலப்பையின் மேல் ஃபிரேமிலிருந்து பரம்புக்கு இரண்டு. உழும்போது தொய்வாக, தூக்கினால் இறுக்கமாக இருக்கணும். இல்லையென்றால் கலப்பை மேலே போகும், பரம்பு தரையிலேயே கிடக்கும். வீடு வரை தார் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வரலாம். ரிவர்ஸ் எடுக்கும் முன் தூக்கியே ஆகணும், தவறினால் பரம்பு கொழுவுக்கு அடியில் போய் மாட்டும்.

கட்டி உடையவில்லையா? மாடு கட்டிப் பரம்படித்த காலத்தில் பாரத்துக்குப் பையன்களை ஏற்றி நிறுத்துவார்கள். டிராக்டரில் அது கூடவே கூடாது. பதினைந்து கிலோ மண் மூட்டையைக் கட்டுங்கள். பையன் மாதிரி அது பாதியில் இறங்கி மாங்காய் அடிக்கவும் போகாது.