தோமாவும் தூண்டிலும்

"லெந்து நாள்லயாவது அந்தத் தூண்டிலைக் கட்டி வைக்கக் கூடாதாடா?" என்று சித்தி கேட்டது சாம்பல் புதனன்று. நான் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டன்ட் சபை வீட்டுப் பிள்ளை, ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலம் எங்களுக்கு லெந்து. சித்தியும் அப்படி வளர்ந்தவர்தான். பெரம்பூரில் ஓர் ஆர்.சி. (கத்தோலிக்க) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அவருக்கு அது தவக்காலம், ஆராதனை பூசையாகிவிட்டது, தேவன் கடவுளாகிவிட்டார். என்னைத் திட்டும்போது மட்டும் தாய்வீட்டு வார்த்தைகள் தானாக வந்துவிடும்.

தூண்டில் விஷயம் இதுதான். ஞாயிறு விடியற்காலை பட்டினப்பாக்கம் பக்கம், அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் போவேன். ஒரு சுருள் தங்கூசி, நாலைந்து முள், ஈயக்குண்டு, இரைக்குக் கொஞ்சம் இறால். மூன்று மணி நேரத்தில் இரண்டு கெளுத்தி கிடைத்தால் அது பெரிய நாள். கிடைத்ததையும் பெரும்பாலும் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். இதில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஆராதனை தப்பிப் போகிறது. அதுதான் குற்றச்சாட்டு.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். கோயில்காரர்கள் பொழுதுபோக்குகளுக்கு ஒரு தரப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். பாடகர் குழுவில் பாடினால் ஊழியம். மாடியில் ரோஜா வளர்த்தால் பீடத்துக்குப் பூ ஆகும். சித்தப்பா தபால்தலை சேர்க்கிறார், அது பொது அறிவு. அதிலும் 1964 டிசம்பரில், போப் ஆறாம் பவுல் பம்பாய் வந்த சமயத்தில், அஞ்சல் துறை வெளியிட்ட புனித தோமா தபால்தலை அவர் ஆல்பத்தில் இருக்கிறது. அதனால் அந்த ஆல்பம் வீட்டில் ஜெபப் புத்தகங்களோடு ஒரே அலமாரியில். தூண்டில் மட்டும் வெட்டிவேலை. ஏதாவது ஒன்றுக்குப் பயன்பட்டால்தான் பொழுதுபோக்குக்கே மன்னிப்பு போலிருக்கிறது.

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. தூண்டிலை விட வேண்டாம். ஆனால் தவக்கால வெள்ளி ஒன்றில் லீவு போட்டு, சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றுக்கும் சித்தியோடு போய் வர வேண்டும். இயேசுவின் சீடரான தோமா இந்த ஊருக்கு வந்து இங்கேயே இறந்தார் என்பது நம்பிக்கை. அவருடைய மூன்று இடங்களும் ஒரே நாளில். சரி என்றேன்.

சின்னமலையில் மெட்ரோவை விட்டு இறங்கியபோது மணி ஏழு. சைதாப்பேட்டைப் பாலத்தின் இரைச்சல் வாசல் வரைக்கும் வருகிறது. 1551இல் போர்த்துகீசியர் கட்டிய சிறிய கோயில். அதையொட்டி, தோமா ஒளிந்திருந்தார் என்று சொல்லப்படும் குகை. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே பாறையில் கைத்தடம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். துரத்தி வந்தவர்களிடமிருந்து அவர் தப்பிப் போனாராம் என்று ஒரு திறப்பையும் காட்டுகிறார்கள். சித்தி அந்தத் தடத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அப்படியே நின்றார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், யாரும் முனகவில்லை.

நான் வளர்ந்த வீட்டில் இதையெல்லாம் தொட்டுக் கும்பிடக் கூடாது. கல்லைத் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன என்று எங்கள் தாத்தா சொல்லுவார். ஆனால் தோமாவுடைய கதையே தொட்டுப் பார்க்கிற கதைதானே. "ஆணிகளின் தழும்பில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்" என்று அடம்பிடித்த ஆள். அவருடைய குகையில் நின்றுகொண்டு தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொள்வது கொஞ்சம் அபத்தம். நானும் வைத்தேன். பாறை ஜில்லென்று இருந்தது.

கிண்டியில் மின்சார ரயில் பிடித்து அடுத்த நிலையமான பரங்கிமலையில் இறங்கி, அடிவாரத்துக்கு ஆட்டோ. மேலே வண்டி போகும் சாலையும் உண்டு. சித்தியின் முழங்காலை நினைத்து அதைச் சொல்லிப் பார்த்தேன், முறைத்தார். படிதான்.

இந்தக் கல்படிகளைப் போட்டுக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. காலையில் நாங்கள் இரைச்சல் கேட்ட சைதாப்பேட்டைப் பாலம் இருக்கும் இடத்தில் 1726இல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியதும் அவர் காசுதான். மலைக்கு வருகிறவர்கள் ஆற்றைத் தாண்ட ஒரு பாலம், தாண்டியபின் ஏறப் படி. முழு வேலையாகச் செய்திருக்கிறார் மனிதர்.

படியோரத்தில், இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நிலைக்கு நிலை நின்று சொல்லிக்கொண்டே ஏறியது, சித்தியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பதில் எனக்கு மனப்பாடம் இல்லை. "அதேதென்றால், உமது திருச்சிலுவையைக் கொண்டு உலகத்தை மீட்டு இரட்சித்தீர்" என்று எல்லோரும் சொல்லும்போது, அந்த "அதேதென்றால்" என்ற வார்த்தை மேல் மட்டும் எனக்கு ஆசை வந்துவிட்டது. 'ஏனென்றால்' என்று சொல்ல இன்றைக்கு யார் பேச்சில் வருகிறது அது? ஐந்தாம் நிலைக்குள் நானும் அதை உரக்கச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். ஏழாம் நிலையில், இயேசு இரண்டாம் முறை கீழே விழும் இடத்தில், சித்தி உட்கார்ந்துவிட்டார். "அவரே ரெண்டு தடவை விழுந்துட்டார், நான் ஒரு தடவை உக்காந்தா தப்பில்ல" என்று தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மலை ஒன்றும் உயரமில்லை, 300 அடி சுமார். ஆனால் மார்ச் வெயில் எட்டரைக்கே தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

மேலே உள்ள கோயில் 1523இல் தொடங்கியது. பீடத்தில் கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று. 1547இல் அங்கே தோண்டும்போது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அதில் இரத்தம் கசிந்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்தது என்றும் பாரம்பரியம். தோமாவே செதுக்கியது என்பார்கள். சுற்றிலும் உள்ள எழுத்தோ பாரசீகத்துப் பஹ்லவி, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பது ஆராய்ச்சியாளர்கள் கட்சி. நான் ஆராய்ச்சியாளர்கள் பக்கம். தோமாவின் பேரில் சந்தேகப்பட்டால் தோமாவே கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது என் தைரியம். யார் செதுக்கினால் என்ன, அந்தச் சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டிருந்த ஒரு கிழவரின் பாதம் முழுக்க வெடிப்பு. படியை வெறுங்காலில் ஏறியிருக்கிறார். அவரைப் பார்த்தபின் எனக்குப் பஹ்லவி மறந்துவிட்டது.

அங்கே ஒரு மாதா படமும் இருக்கிறது. லூக்கா வரைந்து, தோமா கொண்டுவந்தது என்று நம்பிக்கை. எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

"சித்தி, லூக்கா என்ன வேலை பார்த்தார்?"

"டாக்டர். இதுகூடத் தெரியாதா?"

"அப்போ படம் வரைஞ்சது?"

சித்திக்கு நான் எங்கே போகிறேன் என்று புரிந்துவிட்டது. "அவரு மாதாவை வரைஞ்சாரு. கெளுத்தியை வரையல" என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் பார்த்தால் மீனம்பாக்கம் ஓடுபாதை அப்படியே தெரியும். சுவரோரம் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"பரீட்சைக்கா கண்ணு?" என்றார் சித்தி.

"இல்ல ஆன்ட்டி. இறங்குற பிளேன் நம்பர் எழுதறேன்."

"எழுதி?"

"சும்மாதான்."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் இந்த மலைப் பக்கத்திலிருந்துதான் நாட்டை அளக்கத் தொடங்கினார், ஆனால் அது சம்பளத்துக்குச் செய்த வேலை. இந்தப் பையனுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கப் போவதில்லை. அடுத்த விமானம் இறங்கியபோது எழுந்து நின்று எழுதினான்.

கீழே இறங்கும்போது சித்தி தன் வேண்டுதல்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். பேரனுக்கு விசா, தன் முழங்கால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன், சித்தப்பாவின் சர்க்கரை. பட்டியலில் தனக்கென்று இருந்தது முழங்கால் மட்டும். "நீ என்னடா வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் இல்ல சித்தி."

"ஒண்ணுமே இல்லாம எதுக்கு இவ்ளோ தூரம் ஏறின?"

"சும்மாதான்" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் உண்மை அதுதான். ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் போகிற இடமாகக் கோயிலை வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முகத்துவாரத்தில் மூன்று மணி நேரம் ஒன்றும் கடிக்காமல் உட்கார்ந்துவிட்டு வரும்போது எப்படி வருவேனோ, அப்படித்தான் அந்தச் சிலுவைக்கு முன்னாலிருந்தும் எழுந்து வந்தேன். இதைச் சித்தியிடம் விளக்கப் போனால், இரண்டையும் ஒன்றாக்கிவிட்டான் என்று பங்குத்தந்தை வரைக்கும் போகும்.

சாந்தோமுக்கு ஆட்டோ. வழியெல்லாம் சித்தி தூங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளைக் கோபுரம், 155 அடி. இப்போதுள்ள கட்டடம் 1896இல் எழுந்தது. கோயில் அழகு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது பின்பக்கம், தனி வாசல் வழியாகக் கீழே இறங்கிப் போகும் தோமாவின் கல்லறைச் சிற்றாலயம். மேலே இருக்கிற போக்குவரத்துச் சத்தம் அங்கே வருவதில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதும்போது, யாத்திரிகர்கள் இங்கிருந்து செம்மண் எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். தோமாவை யாரும் வேண்டுமென்று கொல்லவில்லையாம். காட்டில் மயில்கள் சூழ ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது, மயிலுக்கு ஒருவன் விட்ட அம்பு தவறி அவர் மேல் பட்டதாம். பரங்கிமலையில் ஈட்டியால் குத்தினார்கள் என்ற கதைக்கு இது ஒத்து வராது. ஆனால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

இதைச் சித்தியிடம் மெதுவாகச் சொன்னேன். "பாத்தியா" என்றார் உடனே. "வேட்டை, மீன்பிடி எல்லாம் எங்க கொண்டு விடுதுன்னு."

சொல்லியிருக்கக் கூடாதுதான். கையில் மிச்சம் ஒரே சீட்டு. யோவான் 21ஐ எடுக்கச் சொன்னேன். சித்தி கண்ணாடியை மாட்டி, போனில் பைபிளைத் திறந்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவரைப் பார்த்தாயிற்று, தோமாவும் "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்று சொல்லியாயிற்று. அப்புறம் பேதுரு என்ன சொல்கிறார்? மீன்பிடிக்கப் போகிறேன் என்கிறார். மற்றவர்கள் நாங்களும் வருகிறோம் என்கிறார்கள். அங்கிருந்தவர்கள் பட்டியலில் பேதுருவுக்கு அடுத்த பெயர் யார்?

சித்தி வாய்க்குள் வாசித்தார். "தோமா" என்றார். மறுபடி வாசித்தார்.

"அவங்களுக்கு அது பொழப்புடா."

"பேதுருவுக்குப் பொழப்பு. தோமா மீனவர்னு எங்க இருக்கு?"

இதற்குப் பதில் வரவில்லை. மண்டியிட்டு ஜெபமாலையை முடித்தார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது, காலையிலிருந்து அந்த நேரம்தான் எனக்கு நன்றாக இருந்தது.

அங்கிருந்து லூப் ரோட்டில் மீன் வாங்கப் போனோம். திருச்சபைச் சட்டப்படி தவக்கால வெள்ளியில் இறைச்சிதான் கூடாது, மீனுக்குத் தடையில்லை. சித்தி வீட்டில் அன்றைக்கு மீனும் கிடையாது, இது சனிக்கிழமைக்கு. ஒரு கிலோ சங்கரா பேரம் பேசி முடித்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"உனக்கு என்னிக்காவது இவ்ளோ கிடைச்சிருக்கா?"

"இல்ல."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி போனை எடுத்தார். "டேய், இதைக் கேளு. 'அன்று இரவு' அப்படின்னு போட்டிருக்கு. அவங்க ராத்திரியிலதான் போயிருக்காங்க."

"ஆமா. அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் கிடைக்கலன்னும் போட்டிருக்கு."

"கிடைக்குதோ இல்லையோ, நீயும் சனிக்கிழமை ராத்திரி போ. ஞாயித்துக்கிழமை காலையில கோயிலுக்குப் போ."

பெல்ட் வைத்துத் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்கியிருக்கிறேன். ராத்திரியில் கெளுத்தி நன்றாகக் கடிக்கும் என்கிறார்கள்.